காமெட்டா, 707-ஆ, டிசி-8-ஆ? 1955-ல் செக் புத்தகம் உங்கள் கையில் இருந்தால்

விமான வரலாறு பேசும் நாலு பேர் ஒன்றுகூடினால் ஒரு சண்டை கட்டாயம் வரும். "காமெட்தான் முதல் ஜெட், அதை நம்பி வாங்கியவன்தான் தைரியசாலி" என்பார் ஒருவர். "முதலில் வந்து என்ன பயன், கடைசியில் வானத்தை நிறைத்தது போயிங் 707தானே" என்பார் இன்னொருவர். சமீபத்தில் ஒரு வாசகர் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்டார்: "சார், ஜெயித்தது எது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். 1955-ல் ஒரு விமான நிறுவனத்தின் தலைவராக நீங்கள் உட்கார்ந்திருந்தால் எதற்குச் செக் எழுதியிருப்பீர்கள்?"

நியாயமான கேள்வி. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத யாராலும் முடியும். 1955 அக்டோபரில் நிலைமை வேறு. உலகின் முதல் பயணிகள் ஜெட்டான பிரிட்டனின் காமெட் நடுவானில் சிதறி, சேவையிலிருந்து விலக்கப்பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போயிங்கிடம் சியாட்டிலில் பறந்துகொண்டிருப்பது ஒரே ஒரு மாதிரி விமானம், அதுவும் நீங்கள் வாங்கப்போகிற அளவில் இல்லை. டிசி-8 செய்யப்போகும் டக்ளஸ் கையில் இருப்பது வரைபடம் மட்டும். ஜெட் எஞ்சினால் புரொபெல்லர் சுற்றும் டர்போபிராப் விமானமான பிரிட்டானியா பறக்கிறது, ஆனால் பயணிகளை ஏற்றத் தொடங்கவில்லை. உங்கள் ஹேங்கரிலோ பிஸ்டன் விமானங்களான டிசி-7களும் சூப்பர் கான்ஸ்டலேஷன்களும் புதுப் பெயின்ட் மணத்தோடு நிற்கின்றன, அவற்றின் கடனே இன்னும் அடையவில்லை. போட்டியாளர் என்ன செய்யப்போகிறார் என்ற பயம் வேறு.

## எதை வைத்து அளப்பது

வேகத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஜெட் என்றாலே மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். பழைய பிஸ்டன் விமானங்கள் 500-ஐ ஒட்டி ஊர்ந்தன. எந்த ஜெட்டை வாங்கினாலும் பயண நேரம் பாதியை நெருங்கிவிடும், அதில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது வேறு இடங்களில்.

முதலாவது, தூரம். லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர், மேற்கே போகும்போது எதிர்க்காற்று. இதை நிற்காமல் தாண்டுமா, நடுவில் கனடாவின் கேண்டரில் இறங்கி எரிபொருள் போடவேண்டுமா? இரண்டாவது, சீட்டுக் கணக்கு. ஒரு தடவை கடலைத் தாண்ட ஆகும் செலவை எத்தனை பேர் தலையில் பங்கு போடலாம் என்பதுதான் கடைசியில் டிக்கெட் விலை. மூன்றாவது, ஓடுபாதை. உங்கள் ஊர்களில் இருப்பது எவ்வளவு நீளம், வெயில் எவ்வளவு, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? நான்காவது, விமானம் எப்போது கைக்கு வரும்.

ஐந்தாவதை நான் எஞ்சினின் ஜாதகம் என்பேன். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் ஜெட் எஞ்சின் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ராணுவ விமானத்தில் பழகி வந்தது. முதல் காமெட்டின் கோஸ்ட் எஞ்சின் வெனம் போர் விமானத்தில் இருந்தது. காமெட் 4-ன் ஏவான், நம் விமானப்படையும் ஓட்டிய கான்பெராவிலும் ஹண்டரிலும் இருந்தது. 707-லும் டிசி-8-லும் முதலில் வந்த ஜேடி3, பி-52 குண்டுவீச்சு விமானத்தின் ஜே57-க்குச் சீருடை கழற்றிய வடிவம். ஆகவே கேட்கவேண்டியது இரண்டு: இந்த எஞ்சினின் பால்யப் பிணிகளுக்கு ஏற்கெனவே எந்த விமானப்படை வைத்தியச் செலவு செய்திருக்கிறது? நாளைக்கு இதைவிடப் பெரிய எஞ்சின் வந்தால், அதே இறக்கையில் மாட்ட முடியுமா?

எண்களை முதலில் பார்த்துவிடுவோம். எல்லாம் ஏறத்தாழ, உட்பிரிவுக்கு உட்பிரிவு மாறும்.

| | காமெட் 4 | போயிங் 707-120 | டிசி-8 (முதல் வகைகள்) | பிரிட்டானியா 312 |
|---|---|---|---|---|
| சேவைக்கு வந்தது | 1958 அக்டோபர் | 1958 அக்டோபர் | 1959 செப்டம்பர் | 1957 (முதல் வகை 1957 பிப்ரவரி) |
| எஞ்சின் | 4 ஏவான் ஜெட், இறக்கை வேருக்குள் | 4 ஜேடி3 ஜெட், இறக்கைக்குக் கீழே | 4 ஜேடி3 அல்லது ஜேடி4, இறக்கைக்குக் கீழே | 4 புரோட்டியஸ் டர்போபிராப் |
| சீட் | 56 முதல் 81 | 110 முதல் 179 | 116 முதல் 177 | 139 வரை |
| பயண வேகம் (மணிக்கு) | 810 கி.மீ. | 900 கி.மீ.க்கு மேல் | 900 கி.மீ. | 575 கி.மீ. |
| அதிகபட்ச எடை | 73 டன் | 112 முதல் 117 டன் | 120 டன்னுக்கு மேல் | 84 டன் |
| கடைசியில் தயாரானவை (எல்லா வகையும்) | 114 | 865 | 556 | 85 |

## காமெட் 4: அடிபட்டுப் பாடம் படித்த விமானம்

1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் காமெட் 1 கிளம்பியபோது அமெரிக்காவில் ஒரு பயணிகள் ஜெட்கூடக் கிடையாது. 36 பயணிகள், அதிர்வே இல்லாத கேபின், வானிலைக்கு மேலே பயணம். அப்புறம் அடி மேல் அடி. சரியாக ஒரு வருடம் கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் இடிமழையில் சிக்கி உடைந்து 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று.

பிரிட்டனின் விமான ஆய்வு மையமான ஃபார்ன்பரோவில் நடந்த சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 1955-ல் நீங்கள் வாங்கப்போகிற நம்பிக்கையே அதுதான். ஒரு முழுக் காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள், இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீரைப் பம்ப் செய்து அழுத்தம் ஏற்றுவது, இறக்குவது. கூடவே ஜாக்கி வைத்து இறக்கைகளை ஆட்டுவது. ஒவ்வொரு சுற்றும் ஒரு பயணத்துக்குச் சமம். அந்த விமானம் ஏற்கெனவே பறந்தவற்றையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடல் கிழிந்தது. எல்பாவில் விழுந்தது 1,290 பயணங்களிலேயே போய்விட்டது. உலோகச் சோர்வுதான் காரணம்: கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, அழுத்தம் ஏறி இறங்கித் தகட்டில் விரிசல்.

"சதுர ஜன்னலால் விழுந்தது" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கியது பயணி எட்டிப்பார்க்கும் ஜன்னலில் இல்லை; கூரையில் திசைகாட்டும் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு ரிவெட் துளையருகே. அந்தக் கூரைத் துண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, 1955-ல் விற்கும் காமெட் 4-ல் அந்த நோய் இல்லை. தகடு தடிமன், திறப்புகள் வட்டம், எஞ்சின் பலம் முன்பைப்போல இரண்டு மடங்கு. உலகிலேயே அதிகமாகத் துருவி ஆராயப்பட்ட விமான உடல் அது. சின்ன ஓடுபாதையிலும் வெயில் ஊரிலும் நன்றாக எழும்பும். 1958 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி. இதை வைத்துத்தான் அட்லாண்டிக்கில் முதல் ஜெட் சேவையைத் தொடங்கியது, அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 707-ஐவிட 22 நாள் முன்னால்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, மேற்கே போகும்போது கேண்டரில் இறங்கவேண்டும். அட்லாண்டிக்குக்காகப் பிறந்த விமானம் அல்ல அது. ஜெயித்த பெருமை அக்டோபர் மாதத்தோடு சரி. இரண்டாவதுதான் பெரிது. எஞ்சின்கள் இறக்கையின் வேருக்குள், உடலை ஒட்டிப் புதைந்திருக்கின்றன. பார்க்க அழகு. ஒரு எஞ்சின் நின்றால் விமானம் ஒரு பக்கம் அதிகம் இழுக்காது, அதுவும் நல்லது. ஆனால் நாளைக்குக் குண்டான எஞ்சின் வந்தால்? இறக்கையின் எலும்பையே அறுத்து மாற்றவேண்டும். பின்னாளில் காமெட்டிலிருந்து பிறந்த நிம்ராட் கடற்கண்காணிப்பு விமானத்தில் வேறு எஞ்சின் புகுத்தினார்கள், அது 2011 வரை பறந்தது. ஆனால் அதற்குப் பணம் போட்டது பிரிட்டிஷ் விமானப்படை. ஒரு விமான நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு குறிப்பு போதும்: 19 காமெட் 4-க்கு 1955-ல் ஆர்டர் கொடுத்த அதே பி.ஓ.ஏ.சி., மறு வருடமே 15 போயிங் 707-களுக்கும் ஆர்டர் கொடுத்தது.

## போயிங் 707: அடுத்தவர் காசில் பாதி வழி வந்த விமானம்

போயிங்கின் கதை குண்டுவீச்சு விமானத்தில் தொடங்குகிறது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, அதற்குக் கீழே தண்டில் தொங்கும் எஞ்சின். இந்த இரண்டும் 1947 டிசம்பரில் பறந்த பி-47-ல் வந்துவிட்டன. அந்த வேகக் குண்டுவீச்சு விமானத்துக்கு வானில் எரிபொருள் ஊட்டியது புரொபெல்லர் டேங்கரான கேசி-97. கூத்து என்னவென்றால், ஜெட் மெதுவாகப் போகமுடியாமல் தள்ளாடும், டேங்கரோ வேகமாகப் போகமுடியாமல் திணறும். கடைசியில் இரண்டும் சேர்ந்து சறுக்குமரத்தில் இறங்குவதுபோலச் சரிந்துகொண்டே எரிபொருள் மாற்றிக்கொள்ளும். ஜெட் டேங்கர் ஒன்று வேண்டும் என்று விமானப்படை நாளைக்கோ மறுநாளோ கேட்டே தீரவேண்டும். போயிங் அதைக் கணக்குப் போட்டுச் சொந்தப் பணம் 1.6 கோடி டாலரில் ஒரு மாதிரியைக் கட்டியது. டாஷ் 80 என்று பெயர். 1954 ஜூலை 15-ல் பறந்தது. நாலு நாள் கழித்துப் பிரிட்டனில் காமெட் 3 பறந்தது. அது ஒன்றோடு நின்றுவிட்டது. டாஷ் 80 பறந்த சில வாரங்களில் விமானப்படை 29 டேங்கர்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

(1955 ஆகஸ்டில் சியாட்டில் ஏரி மேல், விமான நிறுவனத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சோதனை பைலட் டெக்ஸ் ஜான்ஸ்டன் அந்த ஒரே மாதிரி விமானத்தைக் குப்புறப் புரட்டி எடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல். போயிங்கின் முதலீடு முழுக்க அந்தப் புரட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நான் இருந்திருந்தால் செக் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.)

ஆக, 707 வாங்குபவர் அமெரிக்க வரிப்பணத்தின் நிழலில் வாங்குகிறார். எஞ்சினுக்குப் பி-52 வைத்தியம் பார்த்திருக்கிறது, தொழிற்சாலைக்கு டேங்கர் வேலை கொடுக்கிறது. டக்ளஸுக்கு எஞ்சின் அதேதான், ஆனால் டேங்கர் வேலை இல்லை.

ஆனால் இலவசமாக வரவில்லை. அகலத்தைப் பாருங்கள். டாஷ் 80-ன் உடல் அகலம் 132 அங்குலம். விமானப்படை டேங்கருக்கு 144 கேட்டது. இரண்டுக்கும் ஒரே அச்சு வைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்பது போயிங்கின் ஆசை. டக்ளஸ் 147 அங்குலத்தில் டிசி-8-ஐ வரைந்து, வரிசைக்கு ஆறு பேர் தாராளமாக உட்காரலாம் என்று காட்டியது. விமான நிறுவனங்கள் போயிங்கைப் பிடித்து உலுக்கின. கடைசியில் 707 ஆனது 148 அங்குலம், டக்ளஸைவிட ஒரே ஒரு அங்குலம் கூட. டேங்கரோடு அச்சைப் பங்கிடும் கனவு போயிற்று. அந்த 148 அங்குலம் மட்டும் போகவில்லை. 727-க்கும் 737-க்கும் அதே அகலம்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு 737-ல் நடு சீட்டில் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த இடுக்கு 1955-ல் நடந்த பேரத்தில் முடிவானது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து கிளம்பும் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானமும் 737 உடல்தான்.

பேரத்துக்கு இணங்குவதுதான் போயிங்கின் பலம். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் தூரம் அதிகம் வேண்டும் என்றது. உடலை 3 மீட்டர் வெட்டிக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் எஞ்சின் வேண்டும் என்றவர்களுக்கு ரோல்ஸ் ராய்ஸ் கான்வே மாட்டிக் கொடுத்தார்கள். உள்ளே வரும் காற்றில் ஒரு பங்கை எஞ்சின் மையத்தைச் சுற்றி அனுப்பி எரிபொருள் மிச்சம் பிடிப்பது டர்போஃபேன்; சேவைக்கு வந்த முதல் டர்போஃபேன் வகை எஞ்சின் அதுதான். வால் துடுப்பு போதாது என்று பிரிட்டிஷ் சான்றளிப்பு அமைப்பு முரண்டு பிடித்தது; துடுப்பை உயர்த்தினார்கள்.

மறைமுகச் செலவு? முதல் 707-120-க்கு அட்லாண்டிக் முழுதாகக் கைவரவில்லை. 1958 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் போன முதல் சேவையே கேண்டரில் இறங்கித்தான் போனது. நிற்காமல் தாண்ட 1959-ல் வந்த பெரிய 707-320 வேண்டியிருந்தது. அவசரப்பட்டு முதல் வகையை வாங்கியவர் மறு வருடமே பழைய மாடல்காரர் ஆனார். அப்புறம் தண்ணீர். எழும்பும்போது தள்ளுவிசை போதாமல் எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு காதைப் பிளந்துகொண்டு எழும்பும். டன் கணக்கில் சுத்திகரித்த தண்ணீர் ஒவ்வொரு ஊரிலும் தயாராக இருக்கவேண்டும் என்று விற்பனைத் தாளில் எங்கேயும் கொட்டை எழுத்தில் இருக்காது.

## டிசி-8: தாமதமாக வந்து நீண்டகாலம் உழைத்தது

1955-ல் டக்ளஸ் என்ற பெயருக்கே ஒரு மதிப்பு. டிசி-3-லிருந்து டிசி-7 வரை ஓட்டிப் பழகிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மாதிரி விமானம் கட்டாமல் நேரே உற்பத்திக்குப் போனதால் ஒரு வருடம் பின்தங்கி 1959 செப்டம்பரில்தான் சேவைக்கு வந்தது. வரைபடத்தில் சொன்ன வேகமும் முதலில் வரவில்லை; இறக்கை நுனியையும் முன் விளிம்பையும் திருத்தித் திருத்தி ஒப்பேற்றினார்கள். போயிங்போல ஆளுக்கொரு நீளம் வெட்டிக் கொடுக்கவும் டக்ளஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இதன் கால்களை நான் ரசிக்கிறேன். டிசி-8-ன் தரையிறங்கு சக்கரக் கால்கள் உயரமானவை. அதனால் 1966-ல் உடலை 11 மீட்டர் நீட்டி 259 பேர் வரை உட்காரும் சூப்பர் 61 செய்ய முடிந்தது. 707-ஐ அப்படி நீட்டினால் எழும்பும்போது வால் தரையில் தேயும். 1980-களில் 110 சூப்பர் டிசி-8களுக்குப் புத்தம் புதிய சிஎஃப்எம்56 எஞ்சின் மாட்டினார்கள், சரக்கு விமானங்களாக மறு ஜென்மம் எடுத்தன. ஆனால் 1955-ல் கால் உயரத்தைப் பார்த்து யார் விமானம் வாங்குவார்?

## டர்போபிராப்: கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த விடை

ஜெட் எஞ்சினை வைத்து புரொபெல்லரைச் சுற்றுவது டர்போபிராப். எரிபொருள் குறைவு, ஓடுபாதை குறைவு. 1955-ல் நிதானமான பலரும் இதைத்தான் சிபாரிசு செய்தார்கள். காகிதத்தில் அவர்கள் சொன்னது தப்பில்லை.

பிரிட்டானியாவைக் கவிழ்த்தது பனி. வெப்பமண்டல மேகங்களுக்குள் போகும்போது புரோட்டியஸ் எஞ்சினின் காற்றுப் பாதையில் ஈரப்பனி அடைந்து எஞ்சின் அணைந்துவிடும். திருத்துவதற்குள் வருடங்கள் போயின. 1957 டிசம்பரில் லண்டன்-நியூயார்க் நிற்காமல் பறந்து காட்டியது, அருமையான விமானம். பத்தே மாதத்தில் ஜெட் வந்துவிட்டது. அமெரிக்க டர்போபிராப்பான எலக்ட்ராவுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1959 செப்டம்பரிலும் 1960 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தன. எஞ்சினும் புரொபெல்லரும் தாங்கியில் பம்பரம்போலத் தலையாட்ட ஆரம்பித்து, அந்த ஆட்டம் இறக்கையின் ஆட்டத்தோடு ஒத்துப்போய் முறித்தது. பலப்படுத்திய பிறகு எலக்ட்ரா உறுதியான விமானம்தான். அதே உடலில் பிறந்த பி-3 ஓரியன் கண்காணிப்பு விமானம் பல கடற்படைகளில் தலைமுறை கண்டது. ஆனால் பயணிகள் அதற்குள் ஜெட் டிக்கெட் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த மறைமுகச் செலவு எந்தப் பொறியாளர் கணக்கிலும் வராது. பயணி கேட்பது ஒரு மைலுக்கு எவ்வளவு எரிபொருள் என்று இல்லை, "இது ஜெட்டா?" என்று.

விதிவிலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

## எதை வாங்கினாலும் வந்து சேரும் பில்

முதலில் பழைய விமானங்கள். நீங்கள் ஜெட்டுக்கு ஆர்டர் கொடுத்த செய்தி வந்த அன்றே உங்கள் டிசி-7-ன் மறுவிற்பனை விலை சரிய ஆரம்பிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள், வாங்க ஆள் இருக்காது. புதிய கடனுக்குப் பழைய விமானத்தை விற்று முன்பணம் கட்டலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து ஓடுபாதை. முழுப் பாரம் ஏற்றிய பெரிய ஜெட்டுக்கு 3 கிலோமீட்டரை ஒட்டி வேண்டும். சூப்பர் கான்ஸ்டலேஷன் 62 டன்; முதல் 707-களே 112 டன். கான்கிரீட்டின் தடிமனும் பத்தாது. பணம் போடுவது அரசாங்கம்தான், ஆனால் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பது நீங்கள். சத்தம் வேறு. நியூயார்க் துறைமுக ஆணையம் பிடிவாதமாக நின்றதால் எஞ்சின் வாயில் நாதஸ்வரக் கொத்துபோலக் குழாய்களைப் பொருத்தவேண்டி வந்தது. எடை கூடுதல், தள்ளுவிசை நஷ்டம்.

பைலட் பயிற்சிதான் ஆள் உயிரையே வாங்கியது. சாய்ந்த இறக்கை விமானம் டச்சு ரோல் என்ற ஆட்டம் ஆடும்: மூக்கு இடம் வலமாக அலைய, இறக்கைகள் மாறி மாறிச் சாயும். 1959 அக்டோபரில், பிரானிஃப் விமான நிறுவனத்துக்கு ஒப்படைக்க இருந்த புது 707-ல் பயிற்சிக்காக அந்த ஆட்டத்தை வரம்பு மீறித் தூண்டினார்கள். மூன்று எஞ்சின்கள் பிய்ந்து விழுந்தன; எட்டுப் பேரில் நான்கு பேர் இறந்தார்கள். இருபது வருடம் புரொபெல்லர் ஓட்டிய மூத்த பைலட்டுக்கு ஜெட்டைக் கற்றுக்கொடுப்பது, பழக்கத்தை மறக்கக் கற்றுக்கொடுப்பது.

வரவுப் பக்கமும் இருக்கிறது. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் ரகம், உயர் ஆக்டேன் பெட்ரோலைவிட மலிவு. எஞ்சினில் சுழலும் பாகம் மட்டும்தான். ஏறி இறங்கும் பிஸ்டன் இல்லை. டிசி-7-ன் சிக்கலான பிஸ்டன் எஞ்சின் அடிக்கடி வழியில் அணைவதால், அதை "உலகின் சிறந்த மூன்று எஞ்சின் விமானம்" என்று கிண்டல் செய்வார்கள். அதற்கு இருந்தது நான்கு. ஜெட் எஞ்சினை ஓவர்ஹாலுக்கு இறக்காமல் பல மடங்கு நேரம் ஓட்டலாம் என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் பலருக்கும் புரிந்தது.

## சரி, யாருக்கு எது

உங்கள் வழித்தடம் லண்டன்-நைரோபி-ஜோகன்னஸ்பர்க் மாதிரி என்றால் காமெட் 4. மேட்டு நில வெயிலில் காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. அங்கே 707-ல் நிறைய சீட்டைக் காலியாக விட்டால்தான் எழும்பும். ஆனால் இந்த அனுகூலம் ஓடுபாதையை நீட்டும்வரைதான். இதே ஊர்களுக்காகவே பிரிட்டன் பின்னர் விக்கர்ஸ் விசி10 என்ற பலசாலியைக் கட்டியது. 1964-ல் அது வந்தபோது ஓடுபாதைகள் நீண்டுவிட்டிருந்தன, 54-ஓடு உற்பத்தி நின்றது. சின்ன நிறுவனம் என்றால் வாங்கவே வேண்டாம். இலங்கையின் ஏர் சிலோன் 1960-களில் பி.ஓ.ஏ.சி.யின் காமெட் 4-ஐக் குத்தகைக்கு ஓட்டியது. கடன் சுமை இல்லாமல் ஜெட் என்ற பெயர் கிடைத்தது.

1,500 கிலோமீட்டருக்குள் ஊர் ஊராக நின்று போகிறீர்களா? இங்கேதான் டர்போபிராப் விதிவிலக்கு. விக்கர்ஸ் வைக்கவுண்ட் 1953-லேயே வந்து 445 விற்றது. இந்தியன் ஏர்லைன்ஸும் 1957-ல் வைக்கவுண்டை இறக்கியது, 1964-ல்தான் கேரவெல் ஜெட்டுக்கு மாறியது. வாலில் எஞ்சின் வைத்த அந்தப் பிரெஞ்சு விமானத்தின் மூக்கு காமெட்டிடம் கடன் வாங்கியது. அவசரமில்லாமல் ஒவ்வொரு படியாக ஏறிய இந்த வரிசையில் எனக்கு மரியாதை உண்டு.

சரக்கும் நெரிசல் மிகுந்த நீண்ட தடமும் உங்களிடம் இருந்து, ஒரு வருடத் தாமதத்தைத் தாங்கும் பை இருந்தால் டிசி-8. கான்வேர் 880 என்ற அமெரிக்க ஜெட் பக்கம் மட்டும் போகாதீர்கள். வேகம் வேகம் என்று வரிசைக்கு ஐந்து சீட் வைத்த விமானம், சீட்டுக் கணக்கில் தோற்றது. தயாரித்த ஜெனரல் டைனமிக்ஸுக்கு அந்த ஜெட் திட்டத்தில் போன பணம் 40 கோடி டாலருக்கு மேல்.

இரண்டையும் வாங்குவது என்றும் ஒரு வழி உண்டு. 1955 அக்டோபர் 13 அன்று பான் ஆமின் தலைவர் ஹுவான் டிரிப் அதைச் செய்தார்: 20 போயிங் 707, 25 டிசி-8, மொத்தம் 26.9 கோடி டாலர். இரண்டு வகை உதிரிபாகம், இரண்டு வகைப் பயிற்சி என்று வீண் செலவுதான். ஆனால் டக்ளஸுக்கு எண்ணிக்கை அதிகம் போனதைப் பார்த்த போயிங், பெரிய இறக்கையோடு நீள்தூர 707-ஐ வரைய உட்கார்ந்தது. பான் ஆம் அளவு பெரிய வாடிக்கையாளரால் மட்டும் ஆடமுடிகிற ஆட்டம்.

நம் ஏர் இந்தியா காமெட் 3-க்கு ஆர்டர் கொடுத்திருந்த நிறுவனம். காமெட் 3 வரவே இல்லை. 1956-ல் கான்வே எஞ்சின் போட்ட மூன்று 707-களுக்குத் திரும்பியது, 1960-ல் அவை வந்தன, அதே வருடம் மே மாதம் நியூயார்க் போயின. இரண்டு வருடம் தாமதம் என்று அன்று சொல்லியிருப்பார்கள். 1961-ல் அமெரிக்க நிறுவனங்கள் டர்போஃபேன் எஞ்சினுக்கு மாறி, முதல் தலைமுறை 707-களின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஏர் இந்தியாவிடம் இருந்தது தொடக்கத்திலிருந்தே அந்த ரகம்தான்.

வாசகரின் கேள்விக்கு என் விடையும் அதுவே. நீள்தூர 707, கான்வே எஞ்சின், 1960 டெலிவரி. அதுவரை இருக்கிற சூப்பர் கான்ஸ்டலேஷன்களை ஓட்டித் தேய்ப்பேன். 1956-ல் டிசி-7சி விற்க வரும் டக்ளஸ்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.